ஒரு கப் வெண்ணெய் எத்தனை கிராம்? திருச்சுழி ரமணரின் சமையலறை சொல்லும் அளவுக் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை மதியம். கேக் செய்யலாம்னு செல்போனில் ஒரு ரெசிபியைத் திறக்கிறீங்க. முதல் வரியிலேயே ஒரு கப் வெண்ணெய் என்று போட்டிருக்கு. ஃப்ரிட்ஜில் இருப்பதோ 500 கிராம் பாக்கெட். எவ்வளவு வெட்டுவது? ஊரில் இருக்கும் அப்பத்தாவிடம் போனில் கேட்டால், அரை ஆழாக்கு நெய் ஊத்து, போதும் என்கிறார். கப், கிராம், ஆழாக்கு. மூன்று பேரும் மூன்று பாஷை பேசுகிறார்கள்.

இந்தக் குழப்பம் கேக் கற்றுக்கொண்ட தலைமுறைக்கு மட்டும் வந்ததில்லை. பாத்திரத்தின் கொள்ளளவால் அளப்பதா, தராசில் நிறுப்பதா என்ற கேள்வி நம்ம ஊர்ச் சமையலறையில் ரொம்ப காலமாகவே இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு பெரிய சமையலறையில் விடிவதற்கு முன்பே நின்று, காய் நறுக்கி, மாவரைத்து, பல பேருக்குச் சமைத்த ஒருவரின் வாழ்க்கை வழியாக இந்தக் கணக்கைப் பார்க்கலாம். உலகம் அவரை ஞானி என்று அறியும். அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரர்களுக்கு அவர் திருச்சுழிக்காரர். பெயர் ரமண மகரிஷி.

வானம் பார்த்த பூமியில் ஒரு வீடு

அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே போனால் கரிசல் காடு. பருத்தி, கம்பு, சோளம். மழை பெய்தால் விளைச்சல், இல்லையென்றால் இல்லை. வருடத்தின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் குண்டாற்றங்கரையில் இருக்கிறது திருச்சுழி. ஊரின் நடுவே திருமேனிநாதர், துணைமாலையம்மை கோயில். இன்று விருதுநகர் மாவட்டம். 1985 வரை இது ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது.

1879 டிசம்பர் 30. ஆருத்ரா தரிசன நாளின் நள்ளிரவு தாண்டிய நேரம். சுந்தரம் ஐயர், அழகம்மாள் தம்பதிக்கு இரண்டாவது மகன் பிறந்தான். பெயர் வேங்கடராமன். அண்ணன் நாகசுவாமி. பின்னால் தம்பி நாகசுந்தரம், தங்கை அலமேலு.

சுந்தரம் ஐயர் திருச்சுழியில் வழக்காடியவர். ஊருக்கு வரும் அதிகாரிகள், வழிப்போக்கர்கள் எல்லோரும் முதலில் வந்து நிற்கும் வீடு அவருடையது. வீட்டின் ஒரு பகுதியையே விருந்தாளிகளுக்காக ஒதுக்கி வைத்திருந்தார். சாப்பாட்டு நேரத்தில் எத்தனை பேர் வருவார்கள் என்று முன்கூட்டியே சொல்ல முடியாத வீடு. அந்த வீட்டு அடுப்படியில் அழகம்மாள் கையில் இருந்த அளவுகோல்கள் என்னென்ன? ஆழாக்கு, உழக்கு, படி. கடையில் பலம், சேர், வீசை.

ஆழாக்கு எவ்வளவு, பலம் எவ்வளவு?

இங்கே கொஞ்சம் நின்று கணக்கைப் பார்த்துவிடலாம்.

கொள்ளளவு: 2 ஆழாக்கு சேர்ந்தால் 1 உழக்கு. 2 உழக்கு 1 உரி. 2 உரி 1 படி. அதாவது ஒரு படிக்கு 8 ஆழாக்கு. இன்று பரவலாகச் சொல்லப்படும் கணக்கில் ஆழாக்கு 168 மில்லி, உழக்கு 336 மில்லி, படி 1,344 மில்லி.

எடை: 3 தோலா 1 பலம். 8 பலம் 1 சேர். 5 சேர் 1 வீசை. கிராமில் சொன்னால் பலம் 35 கிராம், சேர் 280 கிராம், வீசை 1.4 கிலோ.

கேட்க நேர்த்தியாக இருக்கிறது இல்லையா? நடைமுறை அப்படி இல்லை. படி ஊருக்கு ஊர் மாறியது. சின்னப் படி, பெரிய படி, பட்டணம் படி என்று தனித்தனியாக இருந்தன. சென்னை மாகாணத்தில் சேர் என்றால் 24 தோலா. வட இந்தியாவில் அதே பெயரில் இருந்த சேர் 80 தோலா, அதாவது சுமார் 933 கிராம். பெயர் ஒன்று, எடை மூன்று மடங்குக்கும் மேல். இன்று அமெரிக்க கப், ஆஸ்திரேலிய கப், ஜப்பானிய கப் என்று நாம் தடுமாறுகிறோமே, அதே கதைதான்.

தவறிய ஒரு கணக்கு, மாறிய ஒரு வாழ்க்கை

1892-ல் சுந்தரம் ஐயர் இறந்துபோனார். குடும்பம் பிரிந்தது. வேங்கடராமனும் அண்ணனும் மதுரையில் சித்தப்பா சுப்பையர் வீட்டுக்கு வந்தார்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில், சொக்கப்ப நாயக்கன் தெரு. ஸ்காட் நடுநிலைப் பள்ளி, பிறகு அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளி. பையனுக்குப் படிப்பை விட குஸ்தியும் கால்பந்தும்தான் பிடிக்கும்.

1896 ஜூலை. உடம்புக்கு ஒன்றும் இல்லாத நிலையில் திடீரென்று சாகப்போகிறோம் என்ற பயம் வந்தது. பதினாறு வயசுப் பையன் யாரையும் கூப்பிடவில்லை. தரையில் படுத்து, பிணம் போலக் கிடந்து, செத்துப்போவது உடம்பு என்றால் நான் யார் என்று தனக்குள்ளேயே தேடினான். அதன் பிறகு பள்ளிக்கூடம் மனதில் ஒட்டவில்லை.

ஆகஸ்ட் 29. அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காகச் சித்தி கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயையும் ஒரு குறிப்பையும் வைத்துவிட்டு வேங்கடராமன் கிளம்பினான். திருவண்ணாமலைக்குப் போக வேண்டும். வீட்டில் இருந்த பழைய வரைபடத்தைப் பார்த்தபோது திண்டிவனம்தான் பக்கம் என்று தோன்றியது. அந்த ஊர் வரைக்கும் டிக்கெட் 2 ரூபாய் 13 அணா. வாங்கிவிட்டான்.

ஆனால் அந்த வரைபடம் பழசு. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் புது ரயில் பாதை வந்தது அதில் இல்லை. ரயிலில் கூட வந்த ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. விழுப்புரத்தில் இறங்கி, கையில் இருந்த சில்லறைக்கு மாம்பழப்பட்டு வரை போய், பிறகு நடந்தான். கீழூரில் முத்துக்கிருஷ்ண பாகவதர் வீட்டில் சாப்பாடு கிடைத்தது. காதில் கிடந்த கடுக்கனை அவரிடம் அடகு வைத்து 4 ரூபாய் வாங்கிக்கொண்டு, செப்டம்பர் 1 காலையில் திருவண்ணாமலை சேர்ந்தான்.

கோயிலுக்குப் போனான். அய்யன்குளத்துக்கு வந்து மிச்சமிருந்த காசையும் பலகாரப் பொட்டலத்தையும் தண்ணீரில் போட்டான். தலையை மழித்துக்கொண்டான். பூணூலை எடுத்துவிட்டான். அதற்குப் பிறகு சாகும் வரை அவர் கையில் காசு வைத்துக்கொள்ளவில்லை.

அளவே இல்லாமல் கிடைத்த சாப்பாடு

முதல் சில மாதங்கள் ஆயிரங்கால் மண்டபம், பாதாள லிங்கக் குகை. தன் நினைவே இல்லாமல் உட்கார்ந்திருந்த பையனுக்கு யாராவது ஊட்டிவிட்டால்தான் சாப்பாடு. கோயிலில் இருந்த மௌன சாமி ஒருவர் அம்மன் சன்னதியில் அபிஷேகம் செய்து வழிந்த பாலைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் பால், தண்ணீர், மஞ்சள்தூள், சர்க்கரை, வாழைப்பழம் எல்லாம் கலந்திருக்கும். இதைப் பார்த்து வருத்தப்பட்ட குருக்கள், இனிமேல் சுத்தமான பாலைக் கொடுங்கள் என்று ஏற்பாடு செய்தார்.

பிறகு குருமூர்த்தம். 1899-லிருந்து விருபாட்சக் குகை. கூட இருந்தவர்கள் ஊருக்குள் போய்ப் பிச்சை எடுத்து வருவார்கள். கிடைத்ததை எல்லாம் ஒன்றாகக் கலந்து, இருப்பவர்கள் எல்லோரும் பங்கிட்டுச் சாப்பிடுவார்கள். யார் வீட்டுச் சோறு, எவ்வளவு குழம்பு என்ற கேள்விக்கே இடம் இல்லை. அந்த வருடங்களில்தான் அவர் தேங்காய்ச் சிரட்டைகளை இழைத்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி, கிண்ணமாகவும் கரண்டியாகவும் செய்யப் பழகினார். சிரட்டைக் கரண்டியும் ஓர் அளவைப் பாத்திரம்தான். ஒவ்வொரு சிரட்டைக்கும் ஒவ்வொரு அளவு என்பது மட்டும்தான் பிரச்சினை.

1907-ல் காவ்யகண்ட கணபதி முனி இந்த இளைஞருக்கு பகவான் ரமண மகரிஷி என்று பெயர் சூட்டினார். வேங்கடராமன் ரமணர் ஆனார்.

அம்மா வந்தார், அடுப்பு வந்தது

மகன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்ததும் 1898-லேயே அழகம்மாள் வந்து அழைத்துப் பார்த்தார். மகன் வரவில்லை. மௌனமாக இருந்தவர், நடக்க வேண்டியது நடந்தே தீரும், பேசாமல் இருப்பதே நல்லது என்ற பொருளில் எழுதிக் காட்டினார். அம்மா திரும்பிப் போனார்.

1916-ல் அழகம்மாள் மகனோடு தங்குவதற்கே வந்துவிட்டார். அந்தச் சமயத்தில் மலையில் கொஞ்சம் மேலே உள்ள கந்தாசிரமத்துக்கு எல்லோரும் மாறினார்கள். அதுவரை பிச்சைச் சோறுதான். அம்மா வந்த பிறகு அடுப்பு மூட்டிச் சமைக்க ஆரம்பித்தார்கள். இன்றைய ரமணாசிரமத்துச் சமையலறையின் தொடக்கம் அந்த அடுப்புதான்.

அம்மா அப்பளம் இடுவதில் கெட்டிக்காரர். ஒரு முறை அப்பளம் இட மகனையும் உதவிக்குக் கூப்பிட்டார். மகன் அப்பளம் இடவில்லை, அதற்குப் பதிலாக ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார். அதுதான் அப்பளப் பாட்டு. உளுந்து, பிரண்டைச் சாறு, மிளகு, சீரகம், உப்பு, பெருங்காயம் எல்லாம் அதில் வருகிறது. ஒவ்வொரு பொருளும் ஒரு மனப்பயிற்சி. கடைசியில் அப்பளத்தைப் பொரிப்பது நெய்யில். அந்த நெய்தான் பிரம்மம்.

சமையல் தெரிந்தவர்கள் அந்தப் பாட்டைக் கேட்டால் ஒன்றைக் கவனிக்கலாம். பொருள்களின் பட்டியலும் செய்முறையும் இருக்கின்றன. எந்தப் பொருளுக்கும் அளவு கிடையாது. நம்ம வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் ரெசிபிகளும் அப்படித்தான். அளவு அவர்கள் கையில் இருந்தது.

1922 மே 19 அன்று அழகம்மாள் இறந்தார். மலையடிவாரத்தில் அடக்கம் செய்தார்கள். அந்த இடத்துக்கு அடிக்கடி வந்துபோன ரமணர் அந்த ஆண்டு டிசம்பரில் அங்கேயே தங்கிவிட்டார். சமாதியைச் சுற்றி ஒரு கூரைக் கொட்டகையாகத் தொடங்கியதுதான் ரமணாசிரமம். தம்பி நாகசுந்தரம் துறவியாகி, நிரஞ்சனானந்த சுவாமி என்ற பெயரில் நிர்வாகத்தைக் கவனித்தார்.

விடியற்காலைச் சமையல்காரர்

1920களிலும் 1930களிலும் ஆசிரமத்துக்கு வந்தவர்கள் பலர், கட்டிலில் சாய்ந்து மௌனமாக இருக்கும் முனிவரைத்தான் பார்த்தார்கள். விடிவதற்கு முன் வந்திருந்தால் வேறு ஆளைப் பார்த்திருப்பார்கள். இடுப்பில் கோவணம், தோளில் துண்டு, கையில் கத்தி. காய் நறுக்குவார். ஆட்டுக்கல்லில் அரைப்பார். சட்னி, சாம்பாருக்குப் பக்குவம் சொல்வார். கூடச் சமைத்த பெண்கள் பலர் கணவனை இழந்து, ஆசிரமத்தை நம்பி வந்தவர்கள். அவர்களில் சிலர் எழுதியும் சொல்லியும் வைத்த நினைவுகளால்தான் இந்தச் சமையல்காரரை நமக்குத் தெரிகிறது.

அந்த நினைவுகளில் திரும்பத் திரும்ப வரும் விஷயம் ஒன்று உண்டு. எதையும் வீணாக்கக் கூடாது. கீழே சிந்திய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்குவார். காய்த்தோலும் காம்பும் மாட்டுக்குப் போகும். முந்தின நாள் மீந்ததை மறுநாள் காலையில் வேறு ஒன்றாக்குவார். ஆசாரம் பார்ப்பவர்கள் முகம் சுளித்தாலும் விடவில்லை. வறட்சி பார்த்த பூமியில் பிறந்தவருக்கு ஒரு கைப்பிடி தானியத்தின் மதிப்பை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாலுக்கும் நெய்க்கும் ஆசிரமத்தில் ஒரு கதை இருக்கிறது. 1926-ல் ஒரு பக்தர் பசுவையும் கன்றையும் கொண்டுவந்து கொடுத்தார். கன்றின் பெயர் லட்சுமி. வளர்ந்து, பல கன்றுகள் ஈன்று, அந்தக் கோசாலையின் தாய் ஆனது. 1948 ஜூன் 18 அன்று லட்சுமி இறந்தபோது ரமணர் அதன் தலையைத் தொட்டபடி பக்கத்தில் இருந்தார். ஆசிரமத்துக்குள்ளேயே அதற்குச் சமாதி இருக்கிறது.

ஒரே கரண்டி, இரண்டு அளவு

இனிமேல் சொல்லப்போவதுதான் நம்ம வெண்ணெய்க் கணக்குக்கு நேராக வரும் இடம்.

சாப்பாட்டுக் கூடத்தில் தனக்கு மட்டும் கூடுதலாகப் பரிமாறினால் ரமணருக்குப் பிடிக்காது. கரண்டி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் அவர் இலைக்கு வரும்போது மட்டும் அது தளும்பும். அடுத்த இலையில் முக்கால் கரண்டியாகிவிடும். பரிமாறியவர் செய்தது அன்பினால்தான். ஆனாலும் அவர் கண்டித்தார். யாராவது அவருக்கென்று பலகாரமோ சத்து மருந்தோ கொண்டுவந்தால், எல்லோருக்கும் கொடுத்தீர்களா என்பதுதான் அவர் கேள்வி. ஒரு முறை வாசலில் சாப்பாட்டுக்கு வந்த ஏழைகளையும் சாதுக்களையும் அப்புறம் வரும்படி விரட்டியபோது, அவரே போய் அவர்களோடு நின்றார். அதன் பிறகு ஏழைகளுக்கு முதலில் போட்டுவிட்டுத்தான் உள்ளே பந்தி என்பது வழக்கமானது. இன்றும் ரமணாசிரமத்தில் அப்படித்தான்.

இதில் மறைக்கக் கூடாத ஒன்றும் இருக்கிறது. அந்தக் கூடத்தில் பிராமணர்கள் தனியாகவும் மற்றவர்கள் தனியாகவும் உட்காரும் ஏற்பாடு இருந்தது. ரமணர் அதை உடைத்துப் போடவில்லை. இரண்டு பக்கமும் தெரியும் இடத்தில் உட்கார்ந்து, இரண்டு பக்கத்துக்கும் போகும் அதே சாப்பாட்டை அதே அளவில் சாப்பிட்டார். அது போதுமா என்ற கேள்வி அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

கரண்டி விஷயத்துக்கு வருவோம். கரண்டி, கப், ஆழாக்கு எல்லாமே கொள்ளளவைக் காட்டுபவை. அவற்றில் எவ்வளவு விழுகிறது என்பதைப் பாத்திரம் பாதி தீர்மானிக்கிறது, பிடித்திருக்கும் கை மீதியைத் தீர்மானிக்கிறது. தளும்பத் தளும்பவா, தலைதட்டியா, அமுக்கியா, லேசாகவா? தராசுக்கு இந்தக் கேள்விகள் கிடையாது. யார் நிறுத்தாலும் 100 கிராம் 100 கிராம்தான்.

சரி, வெண்ணெய் எத்தனை கிராம்?

தண்ணீருக்குக் கணக்கு சுலபம். 100 மில்லி தண்ணீர் 100 கிராம். வெண்ணெயும் நெய்யும் தண்ணீரில் மிதக்கும். அதாவது அதே இடத்தை அடைத்தாலும் எடை குறைவு. எவ்வளவு குறைவு?

நெய் ஏறக்குறைய முழுக்கக் கொழுப்பு. உருகிய நெய் 100 மில்லி, சுமார் 91 கிராம். கடையில் விற்கும் வெண்ணெயில் கொழுப்பு 80 சதவீதம் இருக்க வேண்டும், தண்ணீர் 16 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது இந்திய உணவுத் தர விதி. தண்ணீர் இருப்பதாலும், குளிர்ந்து இறுகியிருப்பதாலும் வெண்ணெய் நெய்யை விடக் கொஞ்சம் கனம். சமையலில் 100 மில்லிக்கு 96 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டு எண்களை வைத்தே எல்லாம் போட்டுவிடலாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க:

- 1 டீஸ்பூன் (5 மில்லி): வெண்ணெய் 5 கிராம், நெய் 4.5 கிராம்
- 1 டேபிள்ஸ்பூன் (15 மில்லி): வெண்ணெய் 14 கிராம், நெய் 13.5 கிராம்
- 1 ஆழாக்கு (168 மில்லி): வெண்ணெய் 161 கிராம், நெய் 153 கிராம்
- 1 அமெரிக்க கப் (237 மில்லி): வெண்ணெய் 227 கிராம், நெய் 215 கிராம்
- 1 ஆஸ்திரேலிய கப் (250 மில்லி): வெண்ணெய் 240 கிராம், நெய் 228 கிராம்
- 1 உழக்கு (336 மில்லி): வெண்ணெய் 323 கிராம், நெய் 306 கிராம்
- 1 படி (1,344 மில்லி): நெய் சுமார் 1.22 கிலோ

அமெரிக்க ரெசிபிகளில் ஒரு ஸ்டிக் வெண்ணெய் என்று வரும். அது அரை கப், 113 கிராம். நம்ம ஊர் 100 கிராம் பாக்கெட்டில் 7 டேபிள்ஸ்பூன் இருக்கிறது. ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்குப் பதில்: 500 கிராம் பாக்கெட்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வெட்டினால் ஒரு கப். அப்பத்தா சொன்ன அரை ஆழாக்கு நெய், 76 கிராம்.

தராசு இல்லைன்னா?

வெண்ணெயைக் கப்பில் அடைத்து அளப்பதுதான் மிக மோசமான வழி. கெட்டியாக இருந்தால் இடையிடையே காற்று நிற்கும், கப் நிறைந்த மாதிரி தெரியும், உள்ளே குறைவாக இருக்கும். உருக்கி அளந்தால் கொள்ளளவே கொஞ்சம் மாறும். இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, பாக்கெட்டையே அளவுகோலாக்குவது. 500 கிராம் கட்டியை நீளவாக்கில் பத்துச் சம பாகமாகக் கீறினால் ஒவ்வொன்றும் 50 கிராம்.

இரண்டு, தண்ணீர் வழி. மில்லி கோடு போட்ட ஜக்கில் 200 மில்லி குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்க. வெண்ணெய்த் துண்டுகளைப் போட்டு, மிதக்காமல் கரண்டியால் மெதுவாக முக்கிப் பிடிங்க. தண்ணீர் மட்டம் 300-க்கு வந்தால் உள்ளே இருப்பது 100 மில்லி வெண்ணெய், அதாவது 96 கிராம். தண்ணீரை வடித்துவிட்டு வெண்ணெயை எடுத்துக்கொள்ளலாம். வெண்ணெய்க்கு நடுவே காற்று ஏமாற்றும் வேலை இதில் நடக்காது.

வெண்ணெய்க்குப் பதில் நெய் போடலாமா?

போடலாம். ஆனால் 100 கிராமுக்கு 100 கிராம் போடக் கூடாது. 100 கிராம் வெண்ணெயில் கொழுப்பு 80 கிராம்தான். அதனால் 80 கிராம் நெய், 15 மில்லி பால் அல்லது தண்ணீர். இல்லையென்றால் பிஸ்கட் எண்ணெய் கக்கும்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால், அரை கிலோ வெண்ணெயைக் காய்ச்சினால் சுமார் 400 கிராம் நெய் கிடைக்கும். வீட்டில் மோர் கடைந்து எடுத்த வெண்ணெயில் தண்ணீர் கூடுதலாக இருக்கும். அதில் நெய் இன்னும் குறையும். கைநிறைய உருட்டி வைத்த வெண்ணெய் வாணலியில் இவ்வளவுதானா என்று ஆவது இதனால்தான்.

கடையிலும் ஒன்றைக் கவனியுங்க. நெய் சில இடங்களில் லிட்டர் கணக்கிலும் சில இடங்களில் கிலோ கணக்கிலும் விற்கிறார்கள். ஒரு லிட்டர் நெய் ஒரு கிலோ இல்லை, சுமார் 910 கிராம். லிட்டர் 700 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கிலோவுக்கு அது 769 ரூபாய். விலைப்பட்டியலில் 720 ரூபாய்க்கு ஒரு கிலோ என்று பக்கத்தில் இருந்தால், விலை கூடுதலாகத் தெரியும் அதுதான் உண்மையில் மலிவு.

படி போய் கிலோ வந்தது

1934-ல் பால் பிரண்டன் என்ற ஆங்கிலேயர் இந்தியப் பயணம் பற்றி எழுதிய நூல் வெளிவந்ததும் ரமணரின் பெயர் உலகம் முழுக்கப் பரவியது. கூட்டம் பெருகியது. 1930களின் கடைசியில் பெரிய சமையல்கட்டும் சாப்பாட்டுக் கூடமும் வந்தன. ரமணர் மெல்ல மெல்ல அடுப்படி வேலையிலிருந்து விலகினார். பரிமாறும் அளவைப் பற்றிய அவர் பார்வை மட்டும் கடைசி வரை விலகவில்லை.

1948-ன் கடைசியில் இடது முழங்கை அருகே ஒரு சிறு கட்டி தெரிந்தது. புற்றுநோய். 1949-ல் நான்கு முறை அறுவை சிகிச்சை நடந்தது. கட்டி திரும்பத் திரும்ப வந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் அம்மாவின் சமாதி மேல் எழுப்பிய மாத்ருபூதேசுவரர் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. திருச்சுழி வீட்டு அடுப்படியிலிருந்து கந்தாசிரமம் வரை வந்து சமைத்த அழகம்மாளுக்கு மகன் இருக்கும்போதே ஒரு கோயில். 1950 ஏப்ரல் 14, இரவு 8:47 மணிக்கு ரமணர் மறைந்தார். வயது 70.

ஆறு வருடம் கழித்து, 1956-ல் எடை, அளவுகளைத் தரப்படுத்தும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 1958 அக்டோபரிலிருந்து கிலோவும் பிறகு லிட்டரும் படிப்படியாக வந்தன. வீசையும் பலமும் கடையிலிருந்து போயின. சட்டத்தின் நோக்கம் எளிமையானது. விருதுநகர்ச் சந்தையில் வாங்கும் ஒரு கிலோவும் டெல்லியில் வாங்கும் ஒரு கிலோவும் ஒன்றாக இருக்க வேண்டும். கேட்கிற ஆளைப் பார்த்து அளவு மாறக் கூடாது.

திருச்சுழியில் ரமணர் பிறந்த வீடு சுந்தர மந்திரம் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. அருப்புக்கோட்டையிலிருந்து பஸ் உண்டு. கோயிலிலிருந்து நடந்தே போய்விடலாம். அந்த ஊர் வீடுகளின் பரணில் பித்தளை ஆழாக்கும் உழக்கும் இன்னும் கிடக்கலாம். உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தால் எடுத்து, தண்ணீர் நிரப்பி, தராசில் வைத்துப் பாருங்க. தண்ணீரின் எடை எத்தனை கிராமோ, அத்தனை மில்லி உங்கள் குடும்பத்து ஆழாக்கு. அதை 0.91-ஆல் பெருக்கினால் அப்பத்தா சொல்லும் நெய்யின் சரியான எடை கிடைக்கும்.

எடுத்துக் குறித்து வைத்துக்கொண்ட பிறகு, பந்தியில் பரிமாறும்போது ஒன்றை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. தராசு இலை வரைக்கும் வராது. அந்த இடத்தில் அளவு மறுபடியும் உங்கள் கையில்தான்.